காட்சிக்கு ஒரு கால்

பேருந்து நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது வரவே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவரை ஊரில் எல்லோரும் அறிவிப்பாளர் என்றே அழைத்தார்கள். எண்ணெய் போட்ட கதவுபோல வழுக்கிக்கொண்டு வரும் குரல் அவருக்கு. ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கினால் நிலையத்து நாய்கூட ஒரு காதைத் தூக்கும். ஆனால் கண்ணாடியெல்லாம் அழுக்கு, அழுக்கின்மேல் விளம்பரம். உள்ளே இருப்பவரை யாரும் பார்த்ததில்லை. அது அவருக்குத் தீராத மனக்குறை. ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார், இடுப்புவரை.

இடுப்புக்குக் கீழே வலது கால் யானைக்கால். கல்யாணமான புதிதில் குளிர்காய்ச்சல் வந்தது, தொடையிடுக்கில் நெறி கட்டியது, கால் வீங்கியது, வடிந்தது. மறுபடி வீங்கியது, மறுபடி வடிந்தது. விருந்தாளிபோல வந்துபோய்க்கொண்டிருந்த வீக்கம் ஒரு கட்டத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது. கொசு ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குக் கொண்டுபோகும் நூல் போன்ற புழுக்களின் வேலை இது என்றும், வருடத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து தரும் மாத்திரையை ஊரே விழுங்கினால் நோய் பரவுவது நின்றுபோகும் என்றும் அவருக்குத் தெரியாமல் இல்லை. மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்து, வாயை ஆவென்று திறந்து காட்டி, கொடுத்தவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் வாசல் வாய்க்காலில் துப்பியவர்தான் அவரும்.

“நல்லா இருக்கற உடம்புக்கு எதுக்கு மருந்து?” என்பது அந்தக் காலத்தில் அவர் வாதம்.

“வாய்க்கால்ல இருக்கற புழுவுக்கெல்லாம் வருஷா வருஷம் மாத்திரை போட்டீங்க. உங்க உடம்புல இருந்ததுக்குத்தான் போடல” என்பது அவர் மனைவியின் பதில். அந்த அம்மாள் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். முனை உடைந்த சோப்புகளைக் கம்பெனி தன் ஆட்களுக்கே கொடுத்துவிடும். ஆகவே அந்த வீட்டில் சோப்பிலும் சரி, பேச்சிலும் சரி, காரத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் மாத்திரை முகாம் பற்றி அறிவிக்கச் சொல்ல சுகாதார அதிகாரி கண்ணாடி அறைக்கு வந்தார். கதவைத் திறந்தவர் அறிவிப்பாளரின் முகத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நாற்காலிக்குக் கீழே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். கிணறு தோண்டப் போனவன் கடப்பாரையில் புதையல் தட்டியதுபோல அவர் முகம் மலர்ந்தது.

“எவ்வளவு காலமா சார் இப்படி?”

“கல்யாணத்துக்கு மறு வருஷத்துலேர்ந்து.”

“இத்தனை நாள் எங்க சார் இருந்தீங்க?”

“இங்கதான், மைக் முன்னாடி.”

“நீங்க இருக்க வேண்டிய இடம் இது இல்ல சார். மேடைக்கு வரணும். ஜனங்க உங்களைப் பாக்கணும்.”

வாழ்நாளில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. அன்று சாயங்காலமே தலைக்குச் சாயம் பூசி, மீசையின் இரண்டு முனைகளையும் சமமாக வெட்டிக்கொண்டார். மறுநாள் படம் பிடிக்க ஆள் வந்தபோது வெளுத்த சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஊர்ச் சுவர்களில் எல்லாம் சுவரொட்டி வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மட்டும். பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘இது உங்களுக்கும் வேண்டுமா?’ என்று கேட்டிருந்தது.

அவர் மனைவி சுவரொட்டியை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். “முகத்துக்குப் பவுடர் போட்டுட்டுப் போனீங்களே, காலுக்குப் போட்டிருக்கணும்.”

இருந்தாலும் புகழ் புகழ்தான். நூற்பாலை, கல்லூரி, காய்கறிச் சந்தை என்று எங்கே விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தாலும் துறை ஜீப் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. மேடையில் முதல் நாற்காலி அவருக்கு. முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் கால், கால்மேல் ஒரு நீலத் துணி. அதிகாரி பேசிக்கொண்டே வந்து, சரியான இடத்தில் துணியை உருவுவார். கூட்டம் ‘உச்’ கொட்டும். “மாத்திரை சாப்பிடலேன்னா இப்படித்தான் ஆவீங்க” என்பார் அதிகாரி. கைதட்டல் விழும். பிறகு ஒரு பூச்செண்டு, ஒரு சுவர்க்கடிகாரம். வீட்டில் கடிகாரங்கள் சேர்ந்துகொண்டே போயின. எல்லாம் ஆளுக்கொரு நேரம் காட்டின.

ஒன்றுதான் கிடைக்கவில்லை. மைக். ஒவ்வொரு முறையும் அவர் சட்டைப்பையில் பேச்சு ஒன்றைத் தயாராக வைத்திருப்பார். “இன்னைக்கு ரெண்டு வார்த்தை நான் பேசலாமா சார்?” என்று கேட்பார். “நேரம் இல்ல சார். நீங்க பேசவே வேண்டாம், உங்க கால் பேசுது” என்பார் அதிகாரி. ஊரையே பேச்சால் நகர்த்திய மனிதர் மேடையில் காலை நீட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து மண்டபத்தின் பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள். அங்கே சாக்கடை வழிந்து கணுக்கால் ஆழத்துக்கு நின்றது. கொசு ஒழிப்புப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டு வந்த கூட்டம் அதற்குள் இறங்கி நடந்தது. அறிவிப்பாளரும் நடந்தார். விரலிடுக்கில் ஏற்கெனவே வெடிப்பு. இரண்டாம் நாள் கால் செக்கச்செவேல் என்று சிவந்து, தொட்டால் தீயாகச் சுட்டது. உடம்பு தூக்கிப் போட்டது. அவர் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது அதிகாரியின் தொலைபேசி வந்தது.

மனைவிதான் எடுத்தார். “அவருக்குக் குளிர்காய்ச்சல் சார். கால் சிவந்து கெடக்கு.”

“அடடா. ரொம்பச் சிவப்பா இருக்கா?”

“ஆமா சார்.”

“வியாழக்கிழமை வரைக்கும் இருக்குமா?”

அந்த அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துக் கணவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கியதும் வீக்கம் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த நர்ஸ் காலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சுவர்ல இருக்கற கால் இதுதானா?”

அறிவிப்பாளர் அந்த நிலையிலும் மீசையைத் தடவிக்கொண்டார்.

“தினமும் கழுவறீங்களா?”

“குளிக்கறப்ப தண்ணி படும்.”

“இத்தனை மேடை ஏறியிருக்கீங்க. இதை எப்படிப் பாத்துக்கணும்னு அங்க யாருமே சொல்லலியா?”

“அங்க காட்டத்தாம்மா சொன்னாங்க” என்றார் அவர் மனைவி.

நர்ஸ் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் எடுத்துச் செய்து காட்டினார். சாதா சோப்பு, சுத்தமான தண்ணீர். மடிப்பு மடிப்பாக, விரல் விரலாகக் கழுவ வேண்டும். மெல்லிய துணியால் ஒற்றி ஈரமில்லாமல் எடுக்க வேண்டும், முக்கியமாக விரலிடுக்கில். வெடிப்பில் களிம்பு. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயரத்தில் வைக்க வேண்டும், கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும், செருப்பில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

“பழைய கால் வந்துடுமா?” என்று கேட்டார் அறிவிப்பாளர்.

“வராது. ஆனா இந்தக் காய்ச்சல் அடிக்கடி வராது. வீக்கமும் கொறையும்.”

“எவ்வளவு கொறையும்?”

அவர் குரலில் இருந்தது ஆசையா பயமா என்று நர்ஸுக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. “பயப்படாதீங்க, பதவி ஒண்ணும் போயிடாது” என்றார்.

வீட்டில் சோப்பு மலைபோலக் கிடந்தது. காலையிலும் மாலையிலும் முக்காலி போட்டு உட்கார வைத்து அந்த அம்மாள் கழுவக் கற்றுக்கொடுத்தார். முதல் மாதம் அவர் ஆயிரம் சாக்குச் சொன்னார். தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்றார், வேலைக்கு நேரமாகிறது என்றார், ஒருநாள் விட்டால் என்ன என்றார். நான்காவது மாதம் தானே கழுவ ஆரம்பித்தார். காய்ச்சல் வரவே இல்லை. கல்லாக இருந்த தோல் இளகியது. மடிப்புகள் ஆழம் குறைந்தன. பல வருடங்களாகக் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த பட்டை வைத்த செருப்புக்குள் ஒருநாள் வலது கால் நுழைந்தது. பெரிய கால்தான், இருந்தாலும் நுழைந்தது. அவர் அந்தச் செருப்போடு வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, எடை குறைந்த பயில்வான்போலக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வருடாந்திரப் பெருவிழா வந்தது. மந்திரி வருகிறார், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். அதிகாரியும் அவருடைய உதவியாளரும் அறிவிப்பாளரின் வீட்டுக்கு வந்து, உட்காருவதற்கு முன்பே காலைப் பார்த்தார்கள். அதிகாரியின் முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?”

“என்ன பண்ணினேன்?”

“கால் எங்க சார்?”

“இதோ இருக்கே.”

“இது பத்தாதே. பின் வரிசையில இருக்கறவனுக்குத் தெரியவே தெரியாது. மந்திரி பாத்துட்டு, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேட்டா நான் என்ன சொல்றது?” அதிகாரி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஒரு பத்து நாள் கழுவாம இருக்க முடியுமா? காலைத் தொங்கவிட்டே உக்காருங்க. பொதுநலம் சார், எனக்காகக் கேக்கல.”

அடுக்களை வாசலில் நின்ற மனைவி சொன்னார். “உங்க மாமனார் வீட்ல யாருக்காவது நல்லா வீங்கின கால் இருந்தா பாருங்க சார். இங்க ஸ்டாக் தீந்துபோச்சு.”

உதவியாளர் கெட்டிக்காரர். “கழுவறதை ஏன் சார் நிறுத்தணும்? பஞ்சு வெச்சுப் பேண்டேஜ் சுத்திட்டாப் போச்சு. வேணுங்கற சைஸ்ல கொண்டுவந்துடலாம்” என்றார்.

அறிவிப்பாளர் கோபப்படுவார் என்று மனைவி எதிர்பார்த்தார். அவரோ மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“மைக் குடுப்பீங்களா?”

“ரெண்டு நிமிஷம்” என்றார் அதிகாரி.

“மந்திரி இருக்கும்போதா?”

“மந்திரி இருக்கும்போதுதான்.”

“அப்ப சரி.”

அவர்கள் போனதும் மனைவி நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார். “கால் கொறஞ்ச அளவுக்கு மூளை வளந்திருக்கும்னு நெனைச்சேன்” என்று மட்டும் சொன்னார். ஆனால் விழாவுக்கு அவரும் கிளம்பினார். என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க மனம் கேட்கவில்லை.

விழா அதே மண்டபத்தில்தான். பின்வாசல் சாக்கடை போன வருடத்தைவிட நன்றாக வளர்ந்திருந்தது. பகலிலேயே கொசு மொய்த்தது. மேடையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் பின்னால் ஆளுக்கொரு மின்விசிறி. பின்னறையில் உதவியாளர் பஞ்சு வைத்துச் சுற்றிச் சுற்றி, பழைய காலைவிடப் பெரிதாக ஒரு காலை உண்டாக்கினார். நீலத் துணிக்கு அது அடங்கவில்லை. மேசை விரிப்பை எடுத்துப் போர்த்தினார்கள்.

மந்திரி பேசினார். அதிகாரி பேசினார். விரிப்பை உருவியதும் கூட்டம் இதுவரை இல்லாத அளவுக்கு ‘உச்’ கொட்டியது. மந்திரி எழுந்து வந்து அந்தக் காலைத் தொட்டுக் கருணையோடு காமிரா பக்கம் பார்த்தார். மந்திரியின் விரல்கள் பொதபொதவென்று உள்ளே போயின. அவருடைய புருவம் லேசாக உயர்ந்தது. ஆனால் காமிரா ஓடிக்கொண்டிருந்ததால் கருணை குறையவில்லை.

“இப்போது, பாதிக்கப்பட்டவரே நம்மிடம் பேசுவார்” என்றார் அதிகாரி. உதவியாளர் ஒரு காகிதத்தை அறிவிப்பாளரின் கையில் திணித்தார். அதில் இரண்டே வரி.

அறிவிப்பாளர் எழுந்தார். பேண்டேஜின் நுனி முக்காலி ஆணியில் மாட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்று அவிழ்ந்தது. மைக்கை எட்டுவதற்குள் வெள்ளை வால்போல அது மேடை முழுக்க நீண்டுவிட்டது. முதலில் ஒரு பஞ்சு உருண்டை விழுந்தது. பிறகு கூண்டைத் திறந்துவிட்டதுபோல மற்றவையும் விழுந்து மின்விசிறிக் காற்றில் மந்திரியை நோக்கி ஓடின. முதலில் சிரித்தது அவர் மனைவிதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். அறிவிப்பாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவமானத்தில் காது மடல் சுட்டது. கையில் மைக் இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தெரிந்த மாதிரி தொடங்கினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

சிரிப்பு நின்றது. அந்தக் குரலுக்கு அடங்கிப் பழகிய ஊர் அது.

“இப்ப கீழ விழுந்தது டிபார்ட்மெண்ட் பஞ்சு. மிச்சம் இருக்கறதுதான் என் கால். போன வருஷம் இதைவிடப் பெருசு. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைச்சு, தூக்கி வெச்சதுல இவ்வளவு கொறஞ்சிருக்கு. முழுசாப் போகாது. வராம தடுக்கத்தான் மாத்திரை. நான் அதைத் துப்பினவன். உங்கள்ல பாதிப்பேர் துப்பறவங்கன்னும் எனக்குத் தெரியும். அதனால உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல.” அவர் மேடைப் பக்கம் திரும்பினார். “மாத்திரை டப்பா மேசையில இருக்கு, தண்ணி இருக்கு. மேடையில இருக்கறவங்க மொதல்ல போடட்டும். பாத்துட்டு நாங்க போடறோம்.”

மேடையில் திடீரென்று ஆறு பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஒருவர் தனக்கு அலர்ஜி என்றார். இன்னொருவர் வீட்டில் போட்டுக்கொண்டதாகச் சொல்லி, எந்த மாத்திரை என்று கேட்டபோது வெள்ளையாக இருந்தது என்றார். மந்திரி காமிராக்களைப் பார்த்தார், காமிராக்கள் மந்திரியைப் பார்த்தன. வேறு வழியில்லாமல் மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மந்திரியே விழுங்கிய பிறகு மற்றவர்களுக்குத் தொண்டை தானாகத் திறந்தது. மிஞ்சியது சுகாதார அதிகாரி.

“வெறும் வயித்துல போடக் கூடாது” என்றார் அவர். “விழா வேலையில காலையிலேர்ந்து நான் பச்சத்தண்ணிகூடக் குடிக்கல.”

முன்வரிசையிலிருந்து அறிவிப்பாளரின் மனைவி எழுந்தார். “பின்ரூம்ல என் வீட்டுக்காரர் காலுக்குப் பஞ்சு சுத்தினப்ப நீங்க ரெண்டு பொட்டலம் சாப்பாடு சாப்பிட்டீங்களே சார். மூணாவதைப் பிரிக்கறப்பதான் மந்திரி கார் வந்துச்சு.”

அதிகாரி விழுங்கினார். அன்று மண்டபத்தில் வரிசையில் நின்று மாத்திரை விழுங்கியவர்கள் கூட்டம், துறையின் முந்தைய விழாக்களை எல்லாம் தோற்கடித்தது. மந்திரி முகத்தைச் சுளித்த அழகை நேரில் பார்த்துவிட்டு, அவரே போட்டுக்கொண்டதைத் தானும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பலருக்கும் தோன்றியிருந்தது.

மறுநாள் ஊரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு மட்டும் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. அந்தச் சிலரில் சுகாதார அதிகாரியும் ஒருவர். பல்லோடு பல் அடித்துக்கொள்ள, உதவியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“மாத்திரை கெட்டுப்போனது போலிருக்கும்மா” என்றார் நர்ஸிடம். “இவ்வளவு பேர் போட்டோம், எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

நர்ஸ் அவரையே பார்த்தார். “ரத்தத்துல புழு இருந்தா, அது சாகறப்பக் காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக்கொடுத்தது நீங்கதான் சார்.”

அதிகாரிக்கு நடுக்கம் ஒரு கணம் நின்றுபோயிற்று. நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டார். ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால் இருக்கிறது. இரண்டு விழுந்தது. துறைக்கு வந்த நாளிலிருந்து ஊர் முழுக்க மாத்திரை கொடுத்த மனிதர், நேற்றுவரை ஒன்றைக்கூடத் தான் விழுங்கியதில்லை. ஊருக்கு உபதேசம் செய்தே நேரம் சரியாகப் போய்விட்டது.

கால் காட்ட வந்த அறிவிப்பாளர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி மெல்ல அவர் பக்கம் நகர்ந்தார்.

“சார், உங்களுக்கு மொதல்ல எந்த இடத்துல வீங்குச்சு?”

அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. “புழு இருக்கற எல்லாருக்கும் வீங்காது சார். டாக்டர் சொல்றபடி மருந்து போடுங்க. துப்பிடாதீங்க” என்றார்.

மூன்றே வாரத்தில் ஊர் ஓர் அதிசயத்தைப் பார்த்தது. நிதி இல்லை, ஆள் இல்லை, அதிகாரம் இல்லை என்று காலங்காலமாகத் திறந்து கிடந்த வாய்க்காலுக்கு அடைப்பு எடுத்து, சிமென்ட் பலகை போட்டு மூடினார்கள். அதிகாரியின் குடியிருப்புக்குப் பின்பக்கம் தொடங்கிய மூடி, அவர் வீட்டு மதில் முடியும் இடத்தில் கத்தரித்ததுபோல முடிந்தது. அதற்கப்பால் வாய்க்கால் வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி அறிவிப்பாளரின் வீட்டுக்கு வந்தார். ஜீப் இல்லை, உதவியாளர் இல்லை. உட்கார்ந்ததும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்.

“வலது கால் இடதைவிடக் கொஞ்சம் பருமனாத் தெரியுது. அனுபவப்பட்டவர் நீங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அறிவிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மனைவி அதை முதலில் எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“சார், எங்க தெரு வாய்க்காலுக்கு மூடி எப்ப வரும்?”

“மேலிடத்துக்கு எழுதியிருக்கேன் அம்மா. பரிசீலனையில இருக்கு. பாக்கலாம்.”

“சரி சார். அப்ப காலையும் அப்புறமாப் பாக்கலாம்.”

அதிகாரி அந்த அம்மாளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் இருந்த கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி சற்று நேரம் தன் வலது காலை அமுக்கிப் பார்த்தபடி இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து யாரிடமோ கடுமையாகப் பேசினார். பேசி முடித்ததும்தான் மூக்குக்கண்ணாடி கைமாறியது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு.”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாத்தான் பாத்தேன்.”

புதன்கிழமை சிமென்ட் பலகை ஏற்றிய லாரி தெருவுக்குள் வந்தது. இறக்கிப் பார்த்ததில் பாதித் தெருவுக்குத்தான் போதும் என்று தெரிந்தது. வேலை செய்ய வந்தவர்கள் மீதி எப்போது வரும் என்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

“வரும்” என்றார் அறிவிப்பாளரின் மனைவி. “அவருக்கு இன்னும் இடது கால் இருக்கே.”